எக்ஸ்ரேக்காரரும் மருந்தடிக்கிறவளும்

“வரிசையில நில்லுங்க லா. உங்க ரத்தம் மட்டும் தங்கமா?”

மோகனாவின் குரல் மலேசியாவில் எங்கள் புக்கிட் பெலண்டோக் தோட்டத்து மண்டபத்துக்கு வெளியே மழையில் நின்றவர்களுக்கும் கேட்டது. முந்தப் பார்த்தவர் சத்தியசீலன், சிரம்பானில் எக்ஸ்ரே எடுப்பவர். மத்தியானம் வேலை என்றார். அவளோ எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குக் களைக்கொல்லி அடிப்பவள், விடியலிலிருந்து நிற்கிறாள். கதிர்வீச்சா ரசாயனமா, எது உயிரணுவின் டிஎன்ஏவை அதிகம் உடைக்கிறது என்று ஒப்பிட, டாக்டர் ஃபஸீஹா இரு தரப்பிலும் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எக்ஸ்ரேக்காரர்தான் பின்னால் போனார். போனவர் சும்மா நின்றாரா? அவள் கண்களையே... சரி, அதை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சட்டைப்பையில் ஒரு வில்லை இருந்தது. என்னவென்று கேட்டாள். உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறதென்று அது காட்டுமாம்.

“எங்களுக்கு அதெல்லாம் இல்ல. தோல் அரிச்சாதான் தெரியும்,” என்றாள்.

அடுத்த ஞாயிறே ஒரு பெட்டி ரப்பர் கையுறையோடு வந்து நின்றார். பிறர் சாக்லேட் தருவார்கள்...

நான்கு மாதத்தில் இவர்கள் காதல் இரு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேக்காரனுக்குப் பிள்ளை பிறக்காது என்றார் மோகனாவின் அப்பா சன்னாசி. மருந்தடித்த உடம்பு வேண்டாம் என்றார் மம்பா ஊரிலிருந்து சத்தியசீலனின் அம்மா விமலா. இதற்குள், சத்தியசீலன் டாக்டரிடம் போய் மோகனாவின் ரத்த முடிவைக் கேட்டாராம் என்று எங்கள் லயத்து வீடுகளில் ஒரு பேச்சு. யார் கிளப்பினார்களோ, எனக்கென்ன தெரியும்...

மோகனா போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், கொட்டும் மழையில் அவரே வாசலில்.

“என் ரத்தத்தப் பாத்துட்டுதான் கட்டுவீங்களா?”

“நான் கேட்டது என்னோடத,” என்றார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. “என்னால உங்களுக்குக் குறை வந்திடுமோன்னு... பயம்.”

டாக்டர் சொன்னதை அவர் மெல்லச் சொன்னார். பிள்ளை பிறக்குமா என்று சொல்கிற சோதனையே இல்லையாம் அது. இந்த ஆய்வில் எக்ஸ்ரே ஆட்களைவிட, கையுறையில்லாமல் மருந்தடித்தவர்களுக்கே உடைசல் அதிகமாம். சில வாரம் மருந்து படாமலிருந்தவர்களுக்கு அது குறைந்திருந்ததாம். உயிரணு தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளுமாம்.

“உங்க ரத்த முடிவு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, மோகனா.”

அவள் கண்கள் நிறைந்தன... “எனக்கும்தான். உள்ள வாங்க, அப்பாகிட்ட நானே சொல்றேன்.”

உள்ளே சன்னாசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நானும்தான், பக்கத்து வீட்டுச் சன்னலில்.

டாக்டர் சொன்னதைக் கேட்டு இரு வீடும் இறங்கிவந்து, தையில் கல்யாணம். மோகனா மருந்தடிப்பதை விட்டு, மந்தின் பட்டணத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், குடித்தனமும் அங்கேதான். மாப்பிள்ளையே வேண்டாமென்ற சன்னாசி இப்போது அவர்களோடு. விமலா அம்மாள் மட்டும் மம்பாவை விட்டு வரமாட்டேன் என்கிறார்.