பட்டி வாசலுக்கு இரண்டு கல்

ஆடுகள் இன்றும் பட்டிக்குள் நுழையவில்லை. மூன்று வாரமாக இதே கூத்துதான். வாசலில் புதிதாக நட்ட இரண்டு கல்தூண்களையும் மோந்து பார்க்கும், அப்படியே மேட்டுக்குத் திரும்பிவிடும்.

அந்தக் கற்கள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது மெரின். போட்மின் என்ற அந்தச் சதுப்பு மேட்டின் ஈரத்தில் மரத்தூண் இரண்டு வருடம்கூடத் தாங்காது. மேலே ஆதிகாலத்துக் கல்வட்டத்தில் பத்தொன்பது கல் சும்மாதானே நிற்கிறது, காற்றடித்தால் ஆடுகள் ஒண்டிப் படுப்பதைத் தவிர யாருக்கு என்ன பிரயோஜனம் என்று குளிர்காலம் முழுக்கப் புருஷனை நச்சரித்தாள். தொடக்கூடாத கற்கள் என்று ஊரில் சொல்வார்கள்; ஜேகோ பயந்து பயந்து பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டைப் பிடுங்கி டிராக்டரில் இழுத்து வந்தான். அன்றோடு அவன் தூக்கம் போயிற்று. இன்று காலை, திருப்பி நட்டுவிடலாம் என்று கெஞ்சினான்.

"கல்லுக்குப் பயப்படுற ஆம்பளையக் கட்டிக்கிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். அவ்வளவு பாவமா இருந்தா நீயே போய் அங்க நில்லு."

ஜேகோ நாயைக் கூட்டிக்கொண்டு மேடேறிப் போனான்.

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. ஆள் வரவில்லை. மூடுபனி இறங்க இறங்க, சொன்ன வார்த்தை அவளைக் குடைந்தது. மன்னிப்புக் கேட்டாவது அழைத்து வந்துவிட வேண்டும் என்று கிளம்பினாள். நனைந்த கம்பளி நாற்றமும் கரிச்சேற்றின் புளித்த வாடையும் மூச்சை அடைக்க, பாசி ஒவ்வொரு அடியையும் உறிஞ்சி உறிஞ்சி விட, பனிக்குள் எங்கோ ஓர் ஆடு மனிதனைப் போலவே இருமிக்கொண்டிருக்க, ஜேகோ, ஜேகோ என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள்.

முதலில் நாய்தான் தெரிந்தது. கல்வட்டத்தில், ஒரு கல்லைப் பிடுங்கிய இடத்தருகே, வாலை ஆட்டிக்கொண்டு.

அங்கே குழி இல்லை. கல் நின்றது.

ஜேகோவின் உயரம். அவனைப் போலவே இடது இடுப்பில் ஒரு சாய்வு. தொட்டாள். வெதுவெதுப்பு.

"வீட்டுக்கு வா ஜேகோ. ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்."

காற்று மட்டும் வந்தது. குனிந்து பார்த்தாள். இன்னொரு கல்லைப் பிடுங்கிய பக்கத்துக் குழிக்குள் அவளே நின்றுகொண்டிருந்தாள்.

காலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. முழங்கால்வரை குளிர். பிறகு இடுப்புவரை. கத்த வாய் திறந்தாள். நாக்கு புரளவில்லை.

பனிக்குள்ளிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாக வந்தன. காற்றுக்கு மறைவாக அவள் கால்களில் முதுகைச் சாய்த்துப் படுத்து, நிதானமாக அசைபோடத் தொடங்கின.