பிணத்திடம் கேட்ட அனுமதி

சுப்புராயன் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

தலையில் குரங்குக் குல்லா. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மூக்கு வரை முகக்கவசம். ஸ்டியரிங் மேல் ஒரு கை.

அவர் செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

பவுலினுக்கு அது தெரியாது.

"ஐயா, உங்க கார் கதவை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?"

சுப்புராயன் மறுக்கவில்லை.

"கதவு மட்டுந்தாங்க. சேறு அவ்ளோ அம்சமா ஒட்டிக்கினு இருக்கு."

அதற்கும் மறுக்கவில்லை. சங்கராபுரம் பக்கம் இரண்டு அரிசி மில்லுக்கு முதலாளி. கண்டவரிடமெல்லாம் பேசிவிடுவாரா என்ன?

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. கச்சிராயபாளையம் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. கல்வராயன் மலை பனிக்குள் பாதி காணாமல் போயிருந்தது.

பவுலின் குனிந்து நிமிர்ந்து, மண்டியிட்டு, பதினான்கு படம் எடுத்தார். புத்தம் புது கறுப்புக் கார். டிரைவர் பக்கக் கதவின் மேல் பாதி முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. கீழ் பாதி மலையிலிருந்து கொண்டுவந்த செம்மண் சேறு. அவருடைய போனில் எறும்பைப் படம் எடுத்தால் அதன் காலை எண்ணலாம்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க ஐயா."

சுப்புராயன் பதில் வணக்கம் போடவில்லை.

*

பவுலின் அம்மாளைப் பற்றி இரண்டு வார்த்தை.

வயது அறுபத்திரண்டு. பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருடம் வரைவாளர். அவர் பென்சில் படாத மதகு அந்தச் சீமையில் கிடையாது. ரிட்டயரான அடுத்த வாரமே கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று.

ஓட்டுவதில் அவருக்கு ஆசையில்லை. அந்த விளையாட்டுக்கு விமானம் செய்து தருவதில்தான் வெறி! இறக்கை, சக்கரம், கடைசி ஆணி வரை கம்ப்யூட்டரில் வரைவார். நிஜத் துரு, நிஜக் கீறல், நிஜச் சேறு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அதைத் தோல் மாதிரி மேலே போர்த்துவார். ஒரு பக்கம் போர்த்தினால் போதும். மறு பக்கத்துக்குக் கம்ப்யூட்டரே கண்ணாடியில் தெரிவது போல் திருப்பிப் போட்டுக்கொள்ளும். முடிந்ததும் இணையத்தில் இலவசமாக விட்டுவிடுவார். உலகத்தில் யார் யாரோ இறக்கி ஓட்டுவார்கள்.

நிஜ விமானத்தில் பவுலின் ஏறியதே இல்லை. சங்கராபுரம் பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

இப்போது செய்தது ஒற்றை எஞ்சின் விமானம். பெயர் கோமுகி. ஏழு மாத வேலை. வயிற்றுக்குத்தான் தோல் பாக்கியிருந்தது. செவ்வாய் மதியம் பன்னிரண்டரைக்கு அதையும் போர்த்தி, ஒரு மணிக்கு இணையத்தில் ஏற்றிவிட்டார்.

இரண்டு மணிக்குச் சேதி வந்தது.

"பவுலினு... கரும்பு ரோட்டுல மில்லு சுப்புராயனைக் கல்லால அட்சி சாவடிச்சிட்டாங்களாம்" என்றபடி உள்ளே வந்தார் அவர் கணவர் சேவியர்ராஜ். ரிட்டயர்டு கண்டக்டர். "மறியல் கூட்டம் உட்ட கல்லு. கண்ணாடிய ஒடச்சிக்கினு மண்டையில பூந்துடுச்சாம். ஒம்பதரை மணிக்கு."

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்த டிசம்பர். ஊருக்கு ஊர் மறியல். உளுந்தூர்பேட்டையில் நின்ற லாரிகளின் வரிசையை நிலாவிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்கும்.

பவுலின் எட்டு மணிக்கு உயிரோடு பார்த்த மனிதர்...

வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டார். கார் கதவுச் சேற்றைப் படம் எடுக்கப் போனேன் என்றால் சேவியர்ராஜ் ஈஸ்டர் வரைக்கும் கிண்டல் செய்வார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்தது. பவுலின் வீட்டு வாசலுக்கே.

மாடியில் குடியிருந்த பிரவீன்குமாரை ஏற்றிக்கொண்டு போனது. மறியலில் முதல் வரிசையில் நின்று கோஷம் போட்டவன்.

*

வெள்ளிக்கிழமை. மதியம் மூன்றரை. போன் அடித்தது.

"மேடம், எஸ்.ஐ. அன்புச்செல்வன் பேசறேன். உங்க மாடி போர்ஷன் பிரவீன்குமார் பத்தி ஒரு ஸ்டேட்மென்ட் வேணும். நாலு மணிக்கு வரேன்."

வைத்ததும் பிரவீனின் மனைவி சுபஸ்ரீ எதிரே நின்றாள். மூன்று நாளில் முப்பது நாள் இளைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, அவரு கல்லத் தொடவேயில்லன்னு சொல்றாரு. குரூப் ஃபோர் பாஸ் பண்ணிட்டு ஆர்டருக்குக் காத்துக்கினு இருக்காரு. கொல கேஸுன்னா வேலையும் போச்சு, அவரும் போயிட்டாரு. வேலைக்கு எடங்கேட்டுப் போன மனுஷனுக்கு ஜெயில்லதான் எடமா?"

"நல்லவன்னு நான் சொல்றேன்மா."

"நல்லவருன்னு சொன்னா உட்டுடுவாங்களா?"

சுபஸ்ரீ மாடிப்படி ஏறினாள்.

மனசை மாற்றப் பவுலின் கம்ப்யூட்டரைத் திறந்தார். கோமுகியை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கியிருந்தார்கள். கீழே பின்லாந்துக்காரன் ஒருவன் குறை எழுதியிருந்தான். 'அருமையான விமானம். ஆனால் வயிற்றில் ஏதோ பிரதிபலிப்பு விழுந்திருக்கிறது. சுத்தம் செய்ய மறந்துவிட்டீர்களா?'

"எவன்டா இவன், பொண்ணு பாக்க வந்தவனாட்டம் கொற சொல்றான்" என்று பவுலின் முணுமுணுத்தபோது வாசலில் பைக் நின்றது.

"டி.என். பதினஞ்சு... நாலு சைபர் ஏழு ஒண்ணு" என்று வாசலில் சேவியர்ராஜ் குரல். எந்த வண்டி வந்தாலும் நம்பரை உரக்கப் படித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

வந்தவன் கொளஞ்சியப்பன். செத்த சுப்புராயனின் மச்சான். மில்லைப் பார்த்துக்கொள்பவன்.

"வணக்கம்க்கா. ஏரோப்ளேன் அம்மா வூடுன்னு கேட்டேன், ஊரே வழி காட்டுது."

"ஒக்காருங்க தம்பி. ஒங்க மாமா சேதி கேட்டு மனசே சரியில்ல."

"நான் கூட இல்லாம பூட்டேன்க்கா. திங்கக்கெழம ராத்திரியே உளுந்தூர்பேட்டை மறியல்ல மாட்டிக்கினேன். பைக்கைக்கூட நவுத்த முடியல. புதன்கிழமதான் ஊர் திரும்பினேன். மாமா மொகத்தக்கூடச் சரியா பாக்கல." கண்ணைத் துடைத்தான். ஈரமில்லாத கண். "அதான்க்கா... நீங்க எடுத்த படம். புருஷனப் பறிகுடுத்துட்டு எங்க ஆண்டாளக்கா அழுவுது. அந்தப் படம் வெளியில உலாவ வேணாம்."

"கதவைத்தான் எடுத்தேன். அவர் மொகம் விழலயே."

"இருந்தாலும்... மாமாகிட்ட கேட்டுட்டுத்தானே எடுத்தீங்க. கவுரவமானவங்க. குடுத்துடுங்க."

பவுலின் மனசுக்குள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

கேட்டுட்டுத்தானே...

அவர் கேட்டது சுப்புராயன் ஒருவரிடம். அதைக் கேட்ட காது சுப்புராயன் காது ஒன்றுதான். இரண்டு பக்கமும் கரும்பு.

கரும்புக்குள் யார்?

உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டவனுக்குக் கச்சிராயபாளையம் சாலையில் பேசியது எப்படிக் கேட்டது?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று நாற்பத்தைந்து. எஸ்.ஐ. வர இன்னும் கால் மணி நேரம்.

"இந்தாங்க போனு. நீங்களே அழிச்சிடுங்க."

பதினான்கையும் அழித்தான். குப்பைத்தொட்டிக்குள் தேடிப் போய் மறுபடி அழித்தான். கையை நீட்டிக் கம்ப்யூட்டரைக் காட்டினான்.

"அதுல?"

"அதுல எங்க படம் இருக்கு? ஏரோப்ளேன்தான் இருக்கு."

கொளஞ்சியப்பன் திரையைப் பார்த்தான். மஞ்சள் இறக்கையோடு கோமுகி நின்றது. சிரித்தான். எழுந்து பைக் சாவியை எடுத்தான்.

பவுலினுக்குப் பின்லாந்துக்காரன் நினைவுக்கு வந்தான். வயிற்றில் ஒரு பிரதிபலிப்பு... சேற்றோடு கதவின் பளபளப்புப் பாதியையும் சேர்த்துத்தான் வயிற்றுக்குப் போர்த்தினார். அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னால், சாலைக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் ஏதோ நின்றதே... கதவில் விழுந்தது அதுவா?

"தம்பி, இவ்ளோ தூரம் வந்துட்டு ஓட்டாம போறீங்களே. நம்ம மலையே இதுல இருக்கு. ஒரு ரவுண்டு அடிங்க."

"எனுக்கு இன்னாக்கா தெரியும்?"

"மில்லு ஓட்டறவருக்கு இது ஓட்டத் தெரியாதா? சும்மா புடிங்க."

கொலைகாரனாக இருந்தால் என்ன, ஆம்பளையிடம் ஓட்டத் தெரியுமா என்று கேட்டால் நாற்காலி தேடுவான். உட்கார்ந்தான்.

கோமுகி கிளம்பியது. கரும்புக்காடு கீழே போனது. அணை வந்தது. மலை வந்தது. கொளஞ்சியப்பன் முகத்தில் பத்து வயதுச் சந்தோஷம்.

"அட, வெள்ளிமல ரோடு தெரியுதுக்கா!"

"வளைங்க... இன்னும் வளைங்க." பவுலின் ஒரு பொத்தானை அழுத்தினார். விமானத்தை வெளியிலிருந்து காட்டும் காட்சி. "சர்க்கஸ் காட்டுங்க பாப்போம். குப்புறக் கவுத்துங்க."

"உழுந்துடாது?"

"உழுந்தா நம்ம வூட்டு ஏரோப்ளேன்தானே."

வாசலில் ஜீப் சத்தம். சேவியர்ராஜ் அதன் நம்பரையும் படித்துவிட்டு எஸ்.ஐ.யை உள்ளே கூட்டி வந்தார். அந்த நொடியில் கோமுகி மல்லாந்தது.

வயிறு திரை முழுக்க நிறைந்தது!

வயிற்றில் ஒரு பைக் இல்லை. இரண்டு பைக். வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. வலப்புறத்து நம்பர் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாய்த் திரும்பிக் கிடந்தது. திரும்பியதைக் கம்ப்யூட்டர் மறுபடி திருப்பிய இடப்புறத்தில்...

சேவியர்ராஜுக்கு நம்பர் கண்ணில் பட்டால் போதாதா?

"டி.என். பதினஞ்சு... நாலு சைபர் ஏழு ஒண்ணு. இன்னா பவுலினு, ஏரோப்ளேனுக்கு வாசல்ல நிக்கிற பைக் நம்பரப் போட்டு வெச்சிருக்க?"

எஸ்.ஐ. திரையை நெருங்கிக் குனிந்தார்.

கொளஞ்சியப்பன் கை பிடியை விட்டுவிட்டது. கோமுகி சுற்றிச் சுற்றி இறங்கி அணைக்குள் விழுந்தது.

"சார்," என்றார் பவுலின். விரல் விட்டு எண்ணினார். "இது செவ்வாக்கெழம காலம்பற எட்டு மணிக்கு சுப்புராயன் கார் கதவுல உழுந்த நெழல். ஒரு மணிக்கே நெட்டுல ஏத்திட்டேன், தேதி நேரம் எல்லாம் அங்க இருக்கு. இவரு பைக்கோட உளுந்தூர்பேட்டையில இருந்தாராம். நான் சுப்புராயன்கிட்ட பர்மிஷன் கேட்டதும் இவருக்குத் தெரியுது. கேக்கும்போது அங்க வேற ஆளே இல்ல."

எஸ்.ஐ. நாற்காலியைத் திருப்பினார். "உளுந்தூர்பேட்டைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தியேடா."

"அதான் அழிச்சிட்டேனே..." கொளஞ்சியப்பன் வாய் தானாகப் பேசியது. "எல்லாத்தையும் அழிச்சிட்டேனே."

"முந்நூத்திப் பன்னெண்டு பேரு வூட்ல உன் பைக் பறக்குது தம்பி," என்றார் பவுலின். "எங்கன்னு போயி அழிப்ப?"

மீதியை அவனே கக்கினான். மில்லைத் தன் பேருக்கு எழுதித் தர மாட்டேன் என்ற மாமாவை விடியலில் இரும்புக் கம்பியால் ஒரே அடி. காயத்துக்கு மேல் குல்லா. கரும்புக்குள் பதுங்கல். ஒன்பதரைக்குக் கூட்டம் வந்து கூச்சல் போட்டபோது குல்லாவை உருவிவிட்டு, கார் கண்ணாடியில் ஒரு பாறாங்கல். பழி மறியலுக்கு.

சத்தம் கேட்டு இறங்கி வந்த சுபஸ்ரீ படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பிரவீன் மேல கேஸ் நிக்காதும்மா. நானே கோர்ட்டுல எழுதித் தரேன்," என்றார் அன்புச்செல்வன். "வேலை ஆர்டரு வந்தா ஸ்டேஷனுக்கு ஸ்வீட்டு மட்டும் மறந்துடாதீங்க."

விலங்கு மாட்டிய கொளஞ்சியப்பனை ஜீப்பில் ஏற்றிவிட்டு, எஸ்.ஐ. ஒரு சந்தேகத்தோடு திரும்பி வந்தார்.

"எட்டு மணின்னா அந்தாளு அப்பவே செத்துட்டாரே மேடம். நீங்க யார்கிட்ட பர்மிஷன் கேட்டீங்க?"

பவுலினுக்கு அப்போதுதான் உறைத்தது. "தேங்க்ஸ் வேற சொன்னேன் சார்..."

அன்புச்செல்வன் தொப்பியைச் சரிசெய்தார்.

"இனிமே யார்கிட்ட கேட்டாலும், அவங்க பதில் சொல்ற வரைக்கும் கொஞ்சம் நில்லுங்க மேடம்."