கண்ணுக்குள் தெரிந்த இதயம்

"எனக்கு சுகர் கிடையாதுண்ணு எத்தன தடவ சொல்லுதது?"

ராபின்சன் தள்ளிய வேகத்தில் கஞ்சி மேசையெல்லாம் சிந்தியது. கஞ்சியில் உப்பில்லை, தொட்டுக்கொள்ளக் கருவாடும் இல்லை. மனைவி புஷ்பபாய் அசரவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே, நெய்யாற்றின்கரை இதய டாக்டரிடம் இன்றைக்குத்தான் நேரம் கிடைத்திருக்கிறது, சபை அசன விருந்துக்குப் போக வேண்டாம் என்று மறுபடியும் சொன்னாள். அவர் கேட்டால்தானே! செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டார்.

அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே வியாதி சுகர். ராபின்சனின் அப்பாவுக்குக் காலும் பார்வையும் போனது அதனால்தான். ராபின்சன் மாதந்தோறும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பார். சுகர் இல்லை என்றதும், பரீட்சையில் ஜெயித்தவர் போல பனச்சமூடு சந்தையில் கருவாடு வாங்கிக்கொண்டு வருவார். போன மாதம் சபையில் நடந்த கண் முகாமுக்குப் போனதும் வாசிக்கிற கண்ணாடிக்காக மட்டும்தான்.

கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. உள்ளே ரத்தக்குழாய்கள் சுருங்கி, அங்கங்கே ரத்தம் கசிந்திருக்கிறதாம். சுகர் இல்லாதவர்களுக்கும் பிரஷர் கூடினால் இப்படி வருமாம். கண்ணிலேயே இப்படி என்றால் இதயத்தையும் தாமதிக்காமல் பார்க்க வேண்டும் என்றார். ராபின்சனின் காதில் 'சுகர் இல்லை' மட்டும் விழுந்தது. மிச்சமெல்லாம் புஷ்பபாயின் நெஞ்சில் விழுந்தது. வெளிநாட்டில் மகள் சிஜிக்குப் பிரசவ நேரம். அங்கே போக இருந்த பயணத்தையே நிறுத்திவிட்டுப் புருஷனோடு இருந்தாள் அவள்.

நாத்தனார் ரெஜிலா சும்மா இருப்பாளா? பெற்ற மகளுக்கும் உதவாமல் அண்ணனைப் பட்டினி போடுகிறாள் என்று பாறசாலை வரைக்கும் சொல்லி வைத்தாள்.

அசனப் பந்தலில் பெரிய வார்ப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு உப்புப் பார்ப்பது வருஷா வருஷம் ராபின்சனின் உரிமை. ஆட்டோவில் வந்து இறங்கிய புஷ்பபாய், நேரே போய் அவர் கையிலிருந்த அகப்பையை வாங்கி வைத்தாள். சபையே திரும்பிப் பார்த்தது.

"சபைக்கு முன்னால எங்க அண்ணனுக்க மானத்த வாங்கிட்டியளே மைனி... நல்லா இருப்பியளா?" ரெஜிலா அழுதாள்.

"மானத்தப் பத்தி நாளைக்குப் பேசலாம், ரெஜிலா. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போவணும். அதாக்கும் காரியம்."

அத்தனை பேர் முன்னால் மல்லுக்கட்டக் கூசி ராபின்சன் ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். அன்றைக்கே உள்ளே படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் பரிசோதனையில், இதயத்தின் முக்கியமான குழாய் ஒன்று ஏறக்குறைய அடைத்துப்போயிருந்தது தெரிந்தது. உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். நல்ல நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்று டாக்டர் புஷ்பபாயிடம் சொன்னதை ராபின்சன் படுத்தபடியே கேட்டார்.

சாயங்காலம் தங்கை வந்ததும் அவர் குரல் உடைந்தது. "ரெஜிலா... ஒனக்க மைனி இல்லண்ணா, நீ இப்ப என்னைப் பாக்க கல்லறைக்குத்தான் வந்திருக்கணும். புஷ்பம், ஒன்ன ரொம்ப கஷ்டப்படுத்திட்டேன்... மன்னிச்சிரு."

ரெஜிலா ஓடிவந்து மைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேனே என்று தேம்பினாள். இத்தனை நாள் அடக்கி வைத்த கண்ணீர் புஷ்பபாய்க்கும் பொங்கி வந்தது. ஆனால் குரல் மட்டும் தளரவில்லை.

"போதும் மக்கா, அழாத. அண்ணனுக்க ரத்தந்தானே ஒனக்கும். நாளைக்குக் காலத்த ஒனக்க கண்ணையும் டாக்டர்ட்ட காட்ட நேரம் வாங்கியாச்சு. நான் கூட வாறேன். நீயும் எனக்கு வேணும்."

ரெஜிலா மைனியின் தோளில் முகம் புதைத்து ஏங்கி ஏங்கி அழுதாள்.