பாதி மூழ்கும் கப்பல்

மிளகின் அம்மாவுக்குக் கப்பலை மூழ்கடிக்கிற வேலை.

யாரும் போலீசைக் கூப்பிட வேண்டாம். அம்மா கடற்படையில் இருக்கிறாள். சீருடை போட்டுக்கொண்டு, கேப்டன் உத்தரவு கொடுத்த பிறகுதான் மூழ்கடிப்பாள். அதுவும் முழுசாக இல்லை, பாதிதான்.

அந்தக் கப்பலின் வயிற்றில் ஒரு பெரிய கூடம் இருக்கிறது. அதில் படகுகள் நிற்கும். படகுகளுக்குள் லாரி, ஜீப், புல்டோசர் எல்லாம் நிற்கும். சில கரைகளில் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல் பக்கத்தில் போனால் தரை தட்டிவிடும். அதனால் கப்பல் தூரத்திலேயே நின்றுகொண்டு, அடியில் உள்ள தொட்டிகளில் கடல் நீரை நிரப்பிக்கொள்ளும். பின்பக்கம் மெல்லத் தாழும். பின்கதவு திறக்கும். கூடத்துக்குள் தண்ணீர் வந்ததும், அதுவரை தரையில் உட்கார்ந்திருந்த படகுகள் மிதந்து, சாமான்களோடு கரைக்குப் புறப்படும். வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டால், கப்பல் ஒன்றுமே நடக்காததுபோல மேலே வந்துவிடும்.

அந்தத் தொட்டிகளை நிரப்புவதும் காலி செய்வதும்தான் அம்மாவின் வேலை. அம்மா வலதுபக்கத் தொட்டிகளைப் பார்ப்பாள். இன்னொருவர் இடதுபக்கத்தைப் பார்ப்பார். "இடது?" என்று ஒருவர் கேட்டால் "சரி!" என்று மற்றவர் சொல்ல வேண்டும். "வலது?" என்றால் இவள் "சரி!" சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் கட்டிலை நகர்த்தினால் தெருவுக்கே கேட்கும்.

"இடது?"

"சரி! ஏம்மா, ஒரு கட்டிலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"பேசாம தூக்குங்க. வலது சரி!"

மிளகுக்கு வேறு ஒரு பெயரும் உண்டு. அது பள்ளி வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. பத்து வயதில் ஆள் சின்னதாகவும் பேச்சு காரமாகவும் இருந்ததால் எல்லாருக்கும் அவள் மிளகுதான்.

ஆனால் அந்தப் புதன்கிழமை மிளகின் வாயில் காரமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கப்பல் புறப்பட்டுப் போனது. எங்கோ ஒரு கரையைப் புயல் புரட்டிப் போட்டிருந்தது. குடிதண்ணீர், கூடாரங்கள், புல்டோசர்கள் எல்லாம் கப்பலில் போயின. போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். மூன்று நாளாக ஃபோன் வரவில்லை.

"ஃபோன் வரலைன்னா வேலை அதிகம்னு அர்த்தம். கவலைப்படாதே" என்றார் அப்பா. அவர் பஸ் ஓட்டுநர். சொல்லிவிட்டுத் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அன்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மிளகு அம்மாவின் கப்பலைச் செய்துகொண்டிருந்தாள். நீளமான பிஸ்கட் டின்தான் கப்பல். பின்னால் அட்டைக் கதவு. கூடத்தின் தரைக்கு அடியில் ஒரு தட்டையான சாப்பாட்டு டப்பா, அதுதான் தொட்டி. அதில் ஒரு குழாய், காற்றுப் போக ஓர் உறிஞ்சுகுழல். கூடத்துக்குள் சோப்பு டப்பா படகு ஒன்று.

புதன்கிழமை மாலை, வீட்டு வாசலில் துணி அலசும் பெரிய தொட்டியில் கப்பலை இறக்கினாள். அடுத்த வீட்டுப் பஞ்சு ஓடிவந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். பஞ்சுவுக்கு ஆறு வயது. அவள் அப்பா அதே கப்பலில்தான் சமையல்காரர்.

"அக்கா, எங்கப்பா எங்க இருக்காரு?"

"இதோ, இங்கதான் சமையலறை."

"இப்ப என்ன சமைக்கிறாரு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இப்ப பாரு, கப்பல் பாதி மூழ்கப்போகுது!"

மிளகு குழாய் வழியாகத் தண்ணீரை ஊற்றினாள். கப்பலின் பின்பக்கம் அழகாகத் தாழ்ந்தது. பஞ்சு கைதட்டினாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். கப்பல் இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்தது. மிளகு குழாயை எடுப்பதற்குள் இன்னும் சாய்ந்தது. பிறகு டபக்கென்று கவிழ்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

நாலைந்து குமிழிகள் மேலே வந்தன.

"அப்பா!" என்று பஞ்சு அலறினாள்.

"ஐயோ, இது பிஸ்கட் டின் பஞ்சு! நிஜக் கப்பல் இல்ல!"

பஞ்சு கேட்கவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடிவிட்டாள். மிளகு தொட்டிக்குள் கையை விட்டு டின்னைத் தூக்கினாள். பஞ்சுவிடம் சத்தமாகச் சொல்லியதைத் தனக்குள்ளும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இது பிஸ்கட் டின்தான். ஆனாலும் டின்னை மறுபடியும் தண்ணீரில் இறக்கவில்லை.

மறுநாள் காலையில் பஞ்சுவின் அம்மா வந்தார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். கோபமாக வருவார் என்று மிளகு பயந்தாள். அவர் கோபப்படவில்லை, களைத்துப் போயிருந்தார்.

"நேத்துலேருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடல மிளகு. ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. கப்பல் கவிழ்ந்துடுச்சுன்னு சொல்றா. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறா."

"அத்தை, நான் வேணும்னு செய்யல."

"தெரியும்டா. எனக்கே மனசு சரியில்ல. அதான் அவளுக்கும் சரியா சொல்லத் தெரியல."

மிளகுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கப்பலே வேண்டாம், கண்காட்சிக்கு ஏதாவது செடியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் அப்படிச் செய்தால், பஞ்சு பார்த்த கடைசிக் கப்பல் கவிழ்ந்த கப்பலாகவே இருந்துவிடும். அவள் ஜன்னலை விட்டு வரவே மாட்டாள்.

அப்போது சமையலறையில் "அடச்சே!" என்றார் அப்பா. ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் சேரும் அகலமான தட்டை உருவிக்கொண்டு வந்தவர், ஒரு கண்ணை ஃபோனில் வைத்திருந்தார். தட்டு ஒரு பக்கம் துளி சாய்ந்தது. தட்டில் இருந்த தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கமே ஓடியது. அதனால் தட்டு இன்னும் சாய்ந்து, எல்லாம் அவர் காலில் கொட்டிவிட்டது.

"அப்பா! அப்படியே நில்லுங்க!"

"நிக்கத்தான் வேணும், தரை வழுக்குது."

"தண்ணி எல்லாம் ஒரே பக்கம் ஓடிடுச்சு. அதனாலதான் கப்பலும் கவிழ்ந்துச்சு!"

மிளகு ஓடிப்போய் அம்மா பென்சிலால் வரைந்து கொடுத்த படத்தை எடுத்தாள். கப்பலின் வயிற்றில் குறுக்கும் நெடுக்குமாக நிறையக் கோடுகள் இருந்தன. அம்மா ஃபோன் பேசிக்கொண்டே வரைந்த படம் அது. கை சும்மா இருக்காமல் கிறுக்கிவிட்டாள் என்று நினைத்து, மிளகு அந்தக் கோடுகளை விட்டுவிட்டாள். அவை கிறுக்கல் இல்லை, சுவர்கள். நிஜக் கப்பலில் ஒரே பெரிய தொட்டி கிடையாது. அந்தப் பக்கத் தண்ணீர் இந்தப் பக்கம் ஓட முடியாதபடி தனித்தனி அறைகள்.

அப்படியானால் அம்மாவின் கப்பல் இப்படிக் கவிழாது. மிளகு அந்தக் கோடுகளை விரலால் தடவினாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு வந்தது.

சாயங்காலத்துக்குள் சாப்பாட்டு டப்பா போய், இரண்டு நீளமான பென்சில் டப்பாக்கள் வந்தன. வலதுபக்கம் ஒன்று, இடதுபக்கம் ஒன்று. பஞ்சுவின் அம்மா கடையிலிருந்து ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். அழுத்தினால் தண்ணீர் தொட்டிக்குள் போகும். இழுத்தால் வெளியே வரும். எவ்வளவு போனது என்று பார்க்க எண்களும் இருந்தன.

ஒரே ஒரு சிக்கல். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு அழுத்த வேண்டும். ஒரு சிரிஞ்சை அழுத்தவே மிளகுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

அப்பா உதவிக்கு வந்தார். மிளகு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பஞ்சு ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள்.

"பஞ்சு, எனக்கு ஓர் ஆள் வேணும்."

"நான் பார்க்க மாட்டேன். அது மறுபடியும் கவிழும்."

"கவிழாதுன்னு நினைக்கிறேன். ஆனா எனக்கும் பயமாத்தான் இருக்கு. எங்கம்மாவும் அதே கப்பல்லதானே இருக்காங்க?"

பஞ்சு திரும்பிப் பார்த்தாள். பெரிய அக்காவுக்கும் பயம் இருக்கும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

"உங்கம்மாவும் ஃபோன் பண்ணலையா?"

"பண்ணல. வா. இடதுபக்கத் தொட்டிக்கு அதிகாரி இல்லாம கப்பல் நிக்குது."

பஞ்சு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதிகாரின்னா தொப்பி வேணுமே" என்றாள்.

தொப்பியும் வந்தது. அப்பாவின் பஸ் தொப்பி, பஞ்சுவின் காதுவரை இறங்கியது.

இருவரும் தொட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"இடது பத்து?" என்றாள் மிளகு.

பஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். "பத்து, சரி!"

"வலது பத்து, சரி. இடது இருபது?"

கப்பல் தாழ்ந்தது. பஞ்சு ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். முப்பதில் மிளகு அட்டைக் கதவைத் திறந்தாள். தண்ணீர் உள்ளே வந்தது. கப்பல் லேசாக ஆடி, சாயாமல் அப்படியே நின்றது. சோப்பு டப்பா படகு அசைந்து, மிதந்து, வாசல் வழியாக வெளியே வந்தது.

"இப்ப இழு. மெதுவா. இடது?"

"சரி!"

கப்பல் மேலே வந்தது. பஞ்சு தொப்பியைத் தூக்கிவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

"வந்துடுச்சு அக்கா."

"வந்துடுச்சு."

"இன்னொரு தடவை."

பதினேழு தடவை மூழ்கடித்தார்கள். அன்று பஞ்சு வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஆனால் ஃபோன் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கண்காட்சியில் கூட்டம் நெரித்தது. மேசைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டியில் கப்பல் மிதந்தது; இடதுபக்க அதிகாரியாகப் பஞ்சுவும் தொப்பியோடு வந்திருந்தாள். கப்பலுக்குப் பின்னால் மிளகு எழுதிய அட்டை தொங்கியது. 'வயது முப்பத்தொன்று. படை வண்டிகளைக் கரையில் இறக்குவதற்காகக் கட்டப்பட்டது. ஒரு போருக்குப் போனது. நான்கு வெள்ளத்துக்கும் இரண்டு நிலநடுக்கத்துக்கும் போனது. ஒரு தடவை நாற்பது மாடுகளை ஏற்றி வந்தது. கூடத்தைக் கழுவி முடிக்க ஒரு வாரம் ஆனது.'

பக்கத்து மேசையில் எரிமலை வைத்திருந்த சீப்பு அதைப் படித்தான். எப்போதும் தலை வாரிக்கொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"முப்பத்தொரு வயசா? பழைய கப்பல்! இந்தப் புயல்ல தாங்குமா?"

அதே கேள்விதான் மிளகையும் ஐந்து நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. எதிரே நாற்காலியில் நின்ற பஞ்சுவின் முகம் வாடுவதைப் பார்த்தாள்.

"இடது பத்து?" என்றாள் உடனே.

"பத்து... சரி."

இருபதுவரை அழுத்தியதில் கப்பல் தாழத் தொடங்கியது. எல்லாரும் பார்க்க முண்டினார்கள். பின்னாலிருந்து தள்ளியதில் சீப்பு மேசைமேல் வந்து விழுந்தான். தொட்டியில் அலை எழுந்தது. கப்பல் இடதுபக்கம் சாய்ந்தது.

பஞ்சுவின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. மிளகின் கை டின்னை நோக்கிப் போய் நின்றது. டின்னைக் கையால் பிடித்துவிடலாம்தான். ஆனால் பிடித்தால், பிடிக்காவிட்டால் கவிழ்ந்திருக்கும் என்றுதான் பஞ்சு நினைப்பாள்.

"இடதுபக்க அதிகாரி! என்னைப் பாருங்க. இடது?"

பஞ்சு சிரிஞ்சைப் பார்த்தாள். மிளகைப் பார்த்தாள். "இருபது" என்றாள் மெல்லிய குரலில். "சரி."

"வலதும் இருபது. சரி."

கப்பல் வலதுபக்கம் ஆடியது. இடதுபக்கம் கொஞ்சம் ஆடியது. பிறகு நேராக நின்றது. முப்பதில் கதவு திறந்து, சோப்பு டப்பா வெளியே மிதந்து வந்தது. கூட்டம் கைதட்டியது. சீப்புதான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அவருடன் பஞ்சுவின் அம்மாவும் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மிளகு! அம்மா! அங்க இப்பத்தான் டவர் சரியாச்சாம்!"

மிளகின் இரண்டு கையும் சிரிஞ்சில் இருந்தன. அப்பா ஃபோனை அவள் காதில் வைத்தார். ஒரே இரைச்சல். மிளகுக்குச் சொல்ல ஐந்து நாள் பேச்சு இருந்தது. ஆனால் ஒரே வார்த்தைதான் வந்தது.

"வலது?"

எங்கோ தூரத்திலிருந்து, களைத்துப்போன, சிரிக்கிற குரல் கேட்டது. "சரி!"

மிளகு அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குள் ஃபோனில் வேறு குரல் முழங்கியது. அப்பா ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனைப் பஞ்சுவிடம் நீட்டினார்.

"பஞ்சு! அப்பா பேசுறேன்டா! சாப்பிட்டியா?"

பஞ்சு தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சாப்பிட்டேன்பா. நீங்க லைன்லயே இருங்க. கப்பலை மேல ஏத்திட்டு வந்து பேசுறேன்."