உள்பக்கம் சாய்ந்த நாற்றுகள்

சாமந்தி நாற்றுகள் பதினொன்றும் வீட்டின் உள்பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தன. பால்கனிக்கு எதிரே துறைமுகக் கிரேன்களுக்கு மேல் சூரியன் ஏறிக்கொண்டிருக்க, அவை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருட்டான அறைப்பக்கம் கழுத்தை நீட்டியிருந்தன. கிளமெண்ட் பெட்டியைத் திருப்பி வைத்தார். சாயங்காலம் வந்து பார்த்தபோது மறுபடியும் உள்பக்கம்தான்.

"மக்கர் பண்ணாதீங்கடி," என்றார். மூன்று நாளில் அவர் வாய் திறந்து பேசியது அது ஒன்றுதான்.

மனைவி எல்சி மார்ச் மாதம் இறந்துபோனாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும்போது, கடைப்பூ இல்லாமல் தன் கையால் வளர்த்த பூவை அவளுக்கு வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேறு ஆசை எதுவும் அவரிடம் மிச்சமில்லை. ஹார்பரில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். லாரி மேல் கண்டெய்னரை இம்மி பிசகாமல் இறக்கிய மனிதருக்கு ஒரு விதையை மண்ணிலிருந்து மேலே கொண்டுவரத் தெரியவில்லை. முதல் தடவை எறும்புகள் விதையை இழுத்துக்கொண்டு போயின. இரண்டாம் தடவை பாசத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி அவரே அழுகவைத்தார். மூன்றாம் தடவை முளைத்தவை உப்புக்காற்றிலும் கரித்தூளிலும் கருகிப்போயின.

ஆகஸ்ட் கடைசியில் காசிமேடு கல்லறைக்குப் போனபோது, போன வருடத்துப் பூக்கள் உதிர்ந்த இடங்களில், யாரும் தண்ணீர் விடாமலே சாமந்தி முளைத்துக் கிடந்தது. இதுதான் மண் என்று தோன்றியது. எல்சியின் தலைமாட்டில் மண்டியிட்டு ஜெபித்துவிட்டு, ஒரு கட்டைப்பை நிறைய மண் அள்ளிக்கொண்டு வந்தார். மீன் விற்கும் பக்கத்து வீட்டு மங்கை தெர்மாகோல் பெட்டி ஒன்று கொடுத்தாள். ஐந்தாம் நாள் பதினொரு விதைகள் முளைத்தன.

நாற்றுகள் எப்போதும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்பதை அவர் மெல்லத்தான் கவனித்தார். இருப்பது ஒற்றை அறை. காலையில், கீழே டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி உறுமிக்கொண்டிருக்க, அவை அடுப்பு மேடைப் பக்கம் சாய்ந்திருக்கும். மத்தியானம், கருவாட்டு வாசனையோடு அனல் காற்று வீசும்போது, நாற்காலிப் பக்கம். விளக்கு ஏற்றும் நேரத்தில் கட்டிலின் இடதுபக்கம், எல்சி படுக்கும் பக்கம். ஒரு வாரம் பார்த்தார். பிறகு பெட்டி முன்னால் உட்கார்ந்து, ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகையை எல்லாம் அழுது தீர்த்தார். துளியும் பயமில்லை, சந்தோஷம்தான். மறுநாளிலிருந்து இரண்டு டம்ளர் டீ போட்டார்.

"ஏன் எல்சி, சும்மா சுத்தி சுத்தி வந்துகினு கீற? இது உன் வூடு. உள்ள வா. என்கூடயே இரு."

அன்றைக்கு இரண்டாவது டம்ளரில் டீ பாதிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் போயிருந்த நேரம், மங்கை ஒரு கிண்ணத்தில் நெத்திலிக் குழம்பு கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா நைனா, இந்த வயசுல பீடி பழகிக்கினியா?"

"பீடியா? எல்சிக்கு அந்த நாத்தமே ஆவாதே. நான் தொட்டதே இல்ல."

"அப்ப வூட்ல யாரு கீறா?"

மங்கை அவர் தோளுக்கு மேலாக ஒருமுறை இருட்டுக்குள் பார்த்துவிட்டு, கிண்ணத்தைக் கையில் திணித்து வேகமாகப் போய்விட்டாள்.

கதவைச் சாத்தியதும் அவருக்கும் அந்த வாசனை தெரிந்தது. ஈர மண்ணில் அணைந்த பழைய பீடியின் வாசனை. அது கட்டிலின் இடதுபக்கத்திலிருந்து வந்தது.

அப்போதுதான் அந்த மண் ஞாபகத்துக்கு வந்தது. கல்லறையில் மண் அள்ளக் கரண்டியை ஓங்கியபோது எல்சியின் மேட்டைக் குத்த மனம் வரவில்லை. அவள் முகத்தில் குத்துவது போல இருந்தது. அதனால் அப்படியே திரும்பி, பக்கத்து மேட்டில் அள்ளினார். அங்கே ஒரு மரச்சிலுவை இருந்தது. பெயர் அழிந்திருந்தது. யாரென்று அவர் யோசிக்கவில்லை. அந்த மேட்டுக்கு ஒரு ஜெபம்கூடச் சொல்லவில்லை.

அங்கே புதைந்து கிடந்தவனைத்தான் உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கிறார்.

மாதா கோயில் மணி அடித்தது. இந்த மண்ணை இப்போதே கொண்டுபோய் அங்கேயே கொட்டிவிட வேண்டும். பால்கனிக்கு ஓடினார். பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தார்.

நாற்றுகள் நிமிர்ந்தன. அவர் பக்கம் சாய்ந்தன.

பின்னால் நிற்கிறான். சட்டென்று திரும்பினார். யாருமில்லை. வெறும் கட்டில். வலப்பக்கம் நகர்ந்தார். நாற்றுகளும் வலப்பக்கம் திரும்பின. இடப்பக்கம். அவையும். முதுகைச் சுவரில் ஒட்டி நின்றார். பின்னால் இனி இடமே இல்லை. அப்போதும் அவரையே பார்த்தன.

மூச்சை விட்டார். பீடி வாசனை.

அவர் வாயிலிருந்து.

பயத்தில் மனைவியைக் கூப்பிட்டார். வெளியே வந்தது எல்சியின் பெயர் இல்லை. அவர் ஆயுசில் கேட்டிராத ஒரு பெண்ணின் பெயர். குரலில் ஆசை இருந்தது, வருடக்கணக்காகக் கூப்பிட்டுப் பழகிய உரிமை இருந்தது. பதினொரு நாற்றுகளும் அவர் உதடுகளுக்கு நேராகக் கழுத்தை நீட்டி நின்றன.