முன்கம்பியில ஒரு இடம்

சக்கரம் நின்னுடுச்சு. சத்தம் மட்டும் நிக்கல.

அப்படித்தான் ஆரம்பிச்சுது, பெருசா ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில, சைக்கிளைத் தலைகீழா நிக்க வெச்சு, பின்சக்கரத்தை ஒரு சுத்து சுத்தி விட்டான். மிதிக்காம உருளும்போது ஃப்ரீவீல்ல டிக்டிக்டிக்னு ஒண்ணு வருமே, அது வந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஓய்ஞ்சுது, சக்கரம் நின்னுடுச்சு. டயரை விரலால தொட்டுக்கூடப் பார்த்தான், அசையல. அதுக்கப்புறம் ஒரு டிக். மூச்சு விடுற நேரம் கழிச்சு இன்னொரு டிக்.

வேற ஆளா இருந்தா காதுல விழுந்திருக்காது. இவன் லிஃப்ட் மெக்கானிக், இருபது வருஷமா சத்தத்தை வெச்சுப் பொழைக்கிறவன். கண்ணை மூடிக்கிட்டுத் தரைத்தளத்துல நின்னாலே, லிஃப்ட் இப்ப எந்த மாடி, எந்த உருளை தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவான். "ஏழு மாடிக்கு மேல முனகுனா கேக்கும், பக்கத்துல நின்னு நான் கூப்பிட்டா கேக்காது, அப்படி ஒரு காது"ன்னு அவன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா.

'எண்ணெய் பத்தல'ன்னு அவனே சமாதானம் சொல்லிக்கிட்டு ரெண்டு சொட்டு விட்டான்.

அவங்க குடியிருக்குறது லிஃப்ட் இருக்குற ஒரு கட்டடத்துல மூணாவது மாடி. கீழே, படிக்கட்டுக்கு அடியில ஒரு ஸ்டோர் ரூம், அதை அவன் கேட்டு வாங்கி வெச்சிருக்கான். கதவைத் திறந்தா எதிர்ல கார் இறங்குற சரிவு. நாப்பது அடி, அவ்வளவுதான். அடியில வண்டி நிறுத்துற இடம், அதுக்கு நேரா மஞ்சளும் கறுப்புமா பட்டை அடிச்ச சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண்ணு.

அந்த ரூம்லதான் மூணு மாசமா இந்த வேலை. மௌண்டன் பைக். தடியான ஃப்ரேம், முள்ளு முள்ளா டயர், நேரான ஹேண்டில்பார். எட்டு வயசுல ஏதோ பத்திரிகையில இருந்து படத்தைக் கிழிச்சு பீரோ கதவுல ஒட்டி வெச்சிருந்தான். அப்பாகிட்ட கேட்டதுக்கு, "மலை எங்கடா இருக்கு, முதல்ல அதை வாங்கிட்டு வா, அப்புறம் சைக்கிளைப் பார்ப்போம்"னாரு. கிடைக்கல. கிடைக்காததாலயோ என்னவோ, ராத்திரி ராத்திரி கனவுல வந்துச்சு.

இப்ப மூணு மாசம் முன்னாடி, ஒரு பழைய கட்டடத்து மொட்டைமாடி மோட்டார் ரூம்ல, பேனலுக்குப் பின்னாடி துருப்பிடிச்சுக் கிடந்துச்சு அதே ஃப்ரேம். கேட்டதும் "எடுத்துட்டுப் போங்க, யாரு விட்டுட்டுப் போனதுன்னே தெரியல"ன்னுட்டாங்க. தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சான், பெயின்ட் கடையில நாலு தடவை கலக்க வெச்சு படத்துல இருந்த அந்தக் கத்தரிப்பூ நிறத்தைக் கொண்டு வந்தான், ஒவ்வொரு ஸ்போக்கா இழுத்து சக்கரக் கோணலை நிமித்தினான், பிரேக் கேபிள் ரெண்டும் புதுசாப் போட்டான். கடைசியா சனிக்கிழமை சாயங்காலம், பாக்கெட் பிரிக்காத ரப்பர் கிரிப் ரெண்டை சோப்புத் தண்ணி தடவி ஹேண்டில்பார்ல ஏத்தினான். அதோட வேலை முடிஞ்சுது.

முடிஞ்ச வண்டியைத்தான் ஞாயித்துக்கிழமை சுத்திப் பார்த்தான். எண்ணெய் விட்டு நேரா நிமித்தி வெச்சப்பதான் கிரிப்பைக் கவனிச்சான்.

பள்ளம் விழுந்திருந்துச்சு.

நேத்து வழவழன்னு இருந்த ரப்பர்ல, ஒவ்வொரு பக்கமும் நாலு பள்ளம். யாரோ ரொம்ப நேரம் இறுக்கிப் பிடிச்சு விட்ட மாதிரி. அவன் கையை வெச்சுப் பார்த்தான். அவன் கை சின்னக் கை இல்ல, ஸ்பேனர் பிடிச்சுப் பிடிச்சு முறம் மாதிரி இருக்கும். அவனோட சுண்டுவிரல் போய் நிக்குற இடத்துல, அந்தக் கைக்கு மூணாவது விரலே முடியல. ரப்பர்ல இருந்து ஈரமண்ணு வாசனை லேசா வந்துச்சு.

சூட்டுல இளகியிருக்கும்னு நினைச்சான். ஆனா அன்னைக்கு வெயிலே இல்ல. மழைக்குக் கட்டிக்கிட்டு, பகல்லயே எல்லா வீட்லயும் லைட்டைப் போட்டிருந்தாங்க.

மேலே போனா, வாலு தோசைக்கல் பக்கத்துலயே நின்னுகிட்டு வாய் ஓயாமப் பேசிட்டிருந்தா. வாலுதான் மக. எட்டு வயசு. பேரு வேற இருக்கு, ஸ்கூல்ல மட்டும் கூப்பிடுவாங்க.

"அப்பா, நான் உன் சைக்கிள்ல போனேன்."

"எப்ப?"

"கனவுல. முன்கம்பியில உக்காந்து. இறக்கத்துல சர்ருன்னு."

"நான் ஓட்டுனேனா?"

அவ தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னா. "நீ இல்லப்பா. யாருன்னு தெரியல. உச்சந்தலையில மூச்சு விட்டுட்டே வந்தாங்க. சில்லுன்னு இருந்துச்சு."

அவன் கையில இருந்த டம்ளரை மெதுவாக் கீழ வெச்சான். முப்பது வருஷமா நினைக்காத ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. கனவுல சைக்கிள் வந்துச்சுன்னுதான் இத்தனை நாளும் எல்லார்கிட்டயும் சொல்லுவான். ஓட்டினது அவன் இல்லைங்குறது மறந்தே போச்சு.

பொண்டாட்டி மருந்துக்கடையில வேலை பார்க்குறா, ஞாயித்துக்கிழமை மதியம் அவ முறை. குடையை எடுத்துக்கிட்டே வாசல்ல திரும்பினா.

"ஏங்க, சைக்கிளையும் புள்ளையையும் பார்த்துக்கோங்க. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா, புள்ளையைப் பாருங்க."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அவனால சிரிக்க முடியல.

மூணு மணிக்கு அக்காவுக்குப் போன் பண்ணினான். ஒரே ரூம்ல படுத்து வளர்ந்தவங்க, அவளுக்குத் தெரியாதது இல்ல. வாலு ஹால்ல படம் வரைஞ்சுட்டு இருந்தா, இவன் பால்கனிக் கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டான்.

"அக்கா, சின்னப்புள்ளையில எனக்கு ஒரு சைக்கிள் கனவு வருமே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமாடா? ஒரு வருஷம் என்னைத் தூங்க விட்டியா நீ? 'பிரேக் பிடிக்கல, பிரேக் பிடிக்கல'ன்னு கத்திட்டு எழுந்திரிப்ப. பாயெல்லாம் நனைச்சு வெச்சிருப்ப, அதையும் சொல்லவா?"

"விளையாடாத. எப்படி நின்னுச்சு அது?"

"நான்தான் நிறுத்தினேன், சும்மாவா. பின்னாடி உக்காந்திருக்குறது தினம் 'போலாமா, போலாமா'ன்னு கேக்குதுன்னு அழுவ. நான் ஒரு பதில் சொல்லிக் குடுத்தேன். அதைச் சொன்ன அன்னையில இருந்து வரல. எப்பேர்ப்பட்ட மூளை பார்த்தியா எனக்கு?"

"என்ன பதில்?"

"அட, உனக்கே தெரியாதா?" அக்கா சிரிச்சா. "'இப்ப என்னை விட்டுடு. பெரியவனானதும் இதே வண்டியை நானே பண்ணி, வேற பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்'னு."

மழை விழ ஆரம்பிச்சுது. இரும்புக் கம்பியில டக் டக்குன்னு.

"டேய் தம்பி? லைன்ல இருக்கியா?"

அவன் வெச்சுட்டான்.

"வாலு, இங்கேயே இரு. அப்பா கீழ போயிட்டு வர்றேன். கதவைத் திறக்காத."

"சரிப்பா." அவ தலையைத் தூக்கல. கத்தரிப்பூ நிறக் கிரயான், பாதி தேஞ்சு போயிருந்துச்சு.

படியில இறங்கும்போதே கேட்டுச்சு. டிக். டிக். ரூமைத் திறந்தான், நின்னுடுச்சு. அதே ஈரமண்ணு வாசனை, இப்ப மூக்கை அடைச்சுது. வண்டி நேரா நின்னுட்டிருந்துச்சு. காலையில அவன் சுவத்துல சாய்ச்சு வெச்சிட்டுல்ல போனான்.

அவனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு. இதைச் செத்த வண்டி ஆக்கணும். இருபது வருஷமா, ஆபத்தான லிஃப்ட் எதுவா இருந்தாலும் அவன் கை முதல்ல செய்யுற வேலை ஒண்ணுதான், கரண்ட் வயரை எடுத்துவிடு. யோசிக்கக்கூட இல்ல. கட்டரை எடுத்தான், முன்னாடி கேபிளை வெட்டினான், பின்னாடி கேபிளை வெட்டினான். நறுக். நறுக். அப்பாடான்னு மூச்சு விட்டான்.

விட்ட மூச்சு பாதியில நின்னுச்சு.

லிஃப்ட்ல கரண்ட் வயரை எடுத்தா பிரேக் தானாப் பிடிச்சுக்கும். அதுக்குத்தான் அப்படிப் பண்ணி வெச்சிருக்காங்க. சைக்கிள்ல அப்படி இல்ல. இதுல அறுத்தா, பிடிக்கவே பிடிக்காது.

கனவுல அவனோட குட்டிக் கை லீவரை அழுத்துறதும், லீவர் லொடலொடன்னு கிரிப்புல போய் ஒட்டுறதும், அவனுக்கு இப்ப அப்படியே விரல்ல தெரிஞ்சுது. பிரேக் பிடிக்கலன்னு கத்தினானே. அறுத்தது யாருன்னு அப்ப தெரியல.

சக்கரத்தைக் கழட்டிடணும். நட்டுக்குப் பெரிய ஸ்பேனர் வேணும், அது வேலைப் பையில, பை மேலே. ரூமைப் பூட்டினான். பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தான். ரெண்டு ரெண்டு படியா ஏறினான்.

வீட்டுக் கதவு திறந்திருந்துச்சு.

"வாலு?"

ஹால்ல ஃபேன் சுத்திக்கிட்டிருந்துச்சு. வரைஞ்ச தாள் தரையில. சைக்கிள், முன்கம்பியில ஒரு பாப்பா, ரெண்டு பக்கமும் நீளமா ரெண்டு கை. கைக்கு மேல ஒண்ணும் வரையல. அந்த இடத்துல காகிதம் கிழியுற அளவுக்கு அழிச்சிருந்தா.

பாத்ரூம்ல இல்ல. பால்கனியில இல்ல. செருப்பு இல்ல.

அவன் ஏறி வந்தது படியில. அவ இறங்கிப் போனது லிஃப்ட்ல. இருபது வருஷத்துல முதல் தடவையா, அந்தச் சத்தம் அவன் காதுல விழல.

எப்படி இறங்கினான்னு தெரியாது. கட்டர் இன்னும் கையில இருந்துச்சு. ஸ்டோர் ரூம் பூட்டு பூட்டினபடி தொங்குது. திறந்து பார்த்தான், உள்ள வண்டி இல்ல.

சரிவோட உச்சியில நின்னுட்டிருந்துச்சு. ஸ்டாண்ட் இல்ல. பிடிக்க ஆள் இல்ல. நேரா நின்னுச்சு. முன்கம்பியில வாலு, ஒருக்களிச்சு உக்காந்து காலை ஆட்டிக்கிட்டிருந்தா. அறுந்த கேபிள் நுனி ரெண்டும் அவ முழங்கால்ல உரசுது. உச்சந்தலையில முடி மட்டும் அசையுது. போகுது, வருது. போகுது, வருது. மத்தபடி காத்தே இல்ல.

"இறங்கும்மா." கட்டரைக் கீழ போட்டான். "மெதுவா. அப்பாகிட்ட வா."

"கால் எட்டலப்பா."

ஒரு அடி வெச்சான். இன்னொரு அடி.

"அப்பா, நீ கூட்டிட்டு வர்றேன்னு சொன்ன பாப்பா நான்தானாமே?"

"இல்ல. இல்லம்மா. நான் வர்றேன். நான்தான் வரணும். அவங்ககிட்ட சொல்லு."

வாலு தலையைச் சாய்ச்சு, பின்னாடி கேட்டா. யாரோ சொல்றதைக் கேக்குற மாதிரி.

"உனக்கு இடம் பத்தாதாம்."

கிரிப்புல ரப்பர் அமுங்குச்சு. ஒரு விரல். அடுத்த விரல். அடுத்தது. ரெண்டு பக்கமும்.

"போலாமான்னு கேட்டாங்கப்பா. சரின்னு சொல்லிட்டேன்."

டிக்.

ஓடினான். கை நீட்டினான். அவ சட்டை நுனி விரல்ல பட்டுச்சு. வழுக்குச்சு. டிக்டிக்டிக்டிக். நாப்பது அடி. வெறும் நாப்பது அடி. அடியில சுவர் இருக்கு. மோதும். மோதினா அடிபடும், அடிதானே, பரவாயில்ல, தூக்கிட்டு ஓடிடலாம். மோதட்டும். மோதட்டும்.

மோதுற சத்தம் வரல.

கீழே டியூப்லைட் எரிஞ்சுட்டிருந்துச்சு. கார் நாலு. யாரும் இல்ல. தரையில ஈரமா முள்ளு டயர் தடம், நேராப் போகுது, மஞ்சள் பட்டை வரைக்கும் போகுது. அங்க ஒரு முள்ளோட அச்சு பாதிதான் இருக்கு. மீதிப் பாதி சுவருக்குள்ள.

சுவத்துல காதை வெச்சான்.

டிக்டிக்டிக்டிக்.

இறங்குது. மண்ணுக்குள்ள. அவன் காதுக்குத் தெரியாதா. ரெண்டு மாடி ஆழம். நாலு. ஏழு. வேகம் கூடுது. பதினொண்ணு. பன்னெண்டு. எண்ண முடியல.

அதுக்கும் கீழ இருந்து, ரொம்பச் சன்னமா, அவ குரல்.

"அப்பா. பிரேக் பிடிக்கலப்பா."