மூன்றாவது பட்டன்

"கண்ணு தெரியலையா?"

மாடிப்படிக்குக் கீழே நின்று குடையை உதறியவன் திடுக்கிட்டுத் திரும்பினான். குடையிலிருந்த மழை முழுவதும் அவள் முகத்தில்... நெஞ்சோடு அணைத்திருந்த காமிக்ஸ் கட்டின் பாலித்தீன் உறையில்.

"ஐயோ, சாரிங்க... பின்னால ஆள் வர்றது தெரியல."

"முதுகுல கண்ணு இருக்கணும்னு சொல்லல. முகத்துல இருக்கிறதையாவது உபயோகிக்கலாம்ல?"

அவன் சிரித்துவிட்டான். மேகம் கவிந்த வானம் மாதிரி சாம்பல் படிந்த கண்கள்; ஓரத்தில் மட்டும் எங்கிருந்தோ கொஞ்சம் வெயில். அந்தக் கண்கள் அவள் முகத்தில் தேவைக்கு மேல் ஒரு கணம் தங்கின. முன்பே தெரிந்த முகத்தைப் பார்ப்பது போல...

அவள் தலை குனிந்தாள். வெட்கத்தில் இல்லை. சட்டையைப் பார்த்துவிட்டாள்.

வெள்ளைச் சட்டை. மேலிருந்து மூன்றாவது பட்டனில் மட்டும் நீல நூல்.

அந்த நீல நூலைக் கோத்தவள் அவள்தான். வெள்ளை நூல் தீர்ந்துபோன காலையில், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தைத்துத் தள்ளியது. இந்தச் சட்டை லாண்ட்ரிக்கு எப்போது வந்தாலும் இதே பட்டன் இருக்காது. "பட்டனைக் கடிச்சுத் திங்கிறானாப்பா இந்த ஆளு?" என்று அப்பாவிடம் திட்டிக்கொண்டேதான் தைப்பாள். அப்பா முன்னால் கவுன்டரில் துணி வாங்குவார். பின்னால், இஸ்திரி ஆவிக்குள், ஆபீஸ் கிளம்பும்வரை அவள் மடிப்பாள். அங்கே அவளை எந்த வாடிக்கையாளரும் பார்ப்பதில்லை... பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

"மேல காமிக்ஸ் கூட்டத்துக்கா?" என்றான்.

"ஏன், நீங்களுமா?"

"முதல் தடவை."

ஊரில் இத்தனை மாடிகள் இருக்க, இந்த மாடிதானா கிடைத்தது இவனுக்கு? அவள் படியேறினாள்.

வாடகை நூலகத்தின் மாடி அறை அது. 'ஈரச் சாலை' என்ற காதல் காமிக்ஸின் தீவிர வாசகர்கள் கூடும் இடம். அங்கே அவளுக்குப் பெயர் பச்சமிளகா. கூட்டத்தை நடத்தும் பல் டாக்டரம்மா ஒருமுறை, "அப்பா என்ன பண்றாரும்மா?" என்று கேட்டபோது, "டெக்ஸ்டைல் பிசினஸ்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

பொய்தான். ஆனால் உண்மை பேசிப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள்; முதல் வேலையில் சேர்ந்ததும் அப்பாவைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னாள். மறுநாள் மேனேஜர் தன் கோட்டை அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். "வீட்டுக்குப் போறப்ப அப்படியே அப்பாட்ட குடுத்துடும்மா." இன்னொருவர் இரண்டு பேன்ட். அந்த வேலையை விட்டாள். உண்மையையும் சேர்த்து அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

இன்றைக்கு அந்தப் பொய் கிழிந்துவிடுமோ? எதிர் நாற்காலியில் குடைக்காரன். அவன் பார்வை அவள் கைகளில்... மறுபடியும் கைகளில்.

"ஆரம்பிக்கலாமா?" டாக்டரம்மா புதிய இதழை விரித்தாள். எல்லோரும் சண்டை போடக் காத்திருந்த பக்கம். காமிக்ஸின் நாயகி, வாசகர்களின் செல்லமான 'கொண்டை', முதல்முறையாகக் காதலனின் வீட்டுக்குப் போகிறாள். காதலன் கட்டடம் கட்டும் இன்ஜினியர்; அதனால் அவன் 'கட்டடம்'. நாற்காலியில் கிடந்த அவன் சட்டையை ஏதோ நினைவில் எடுத்து மடிக்கிறாள். ஒரு கட்டம் முழுக்க அவள் கைகள் மட்டும். தன் குடும்பத்தைப் பற்றி இதுவரை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இடது கை!" கணக்கு சார் எழுந்தே விட்டார். "இத்தனை நாளா வலது கையால எழுதினா, வலது கையால கட்டடத்தை அறைஞ்சா. இங்க மட்டும் இடது கையால மடிக்கிறா. ஏன்? இவ அவ இல்ல... ரெட்டைப் பிறவி!"

"சார், போன மாசம் அவ செத்துப்போன ஆவின்னீங்க" என்றாள் பச்சமிளகா.

"ஆவியா இருந்தாலும் வலது கை ஆவிதானேம்மா?"

அறை சிரித்தது. குடைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. காது நுனி சிவந்து, தரையைப் பார்த்தான்.

"ரெட்டையும் இல்ல, கொட்டையும் இல்ல" என்றாள் டாக்டரம்மா. "அந்த மடிப்பைப் பாருங்க. வீட்டு வேலை செஞ்சு பழகின கை. ஏதோ ஏழைப்பட்ட குடும்பம், மறைக்கிறா. கட்டடத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆவான்? பாவம் அந்தப் பையன்."

"பாவமா? அவன் ஏன் பாவம்?" பச்சமிளகாவுக்குச் சுருக்கென்றது. "அவன் அப்பா யாருன்னு அவ கேட்டாளா?"

"ஏமாத்தறது தப்புதானேம்மா?"

"ஏமாத்தல. சொல்லல. சொன்னா அதுக்கப்புறம் அவ அவளா இருக்க மாட்டா, டாக்டர். 'அந்த வீட்ல இருந்து வந்தும் எவ்வளவு நீட்டா இருக்கா'ன்னு ஆயிடுவா. அவன் மன்னிப்பான், நீங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுப்பீங்க. எதுக்கு மன்னிப்பு? என்ன தப்பு பண்ணினா அவ?"

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் மழை விரலால் தட்டிக்கொண்டிருந்தது...

"அவ சொல்லாததுக்குக் காரணம் இருக்கும்" என்றான் குடைக்காரன் மெதுவாக.

அந்த மென்மைதான் அவளைச் சுட்டது. இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, பெரிய மனசு பண்ணி, இரக்கப்படுகிறான்!

"சரி, சோதிச்சுப் பார்த்துடலாம்." டாக்டரம்மா பையிலிருந்து தன் வெள்ளைக் கோட்டை எடுத்து மேஜையில் போட்டாள். "ஆளாளுக்கு மடிங்க. பழகாத ஆளுக்கு இந்த மடிப்பு எந்தக் கையில வருதுன்னு பார்ப்போம்."

"இதெல்லாம் வேண்டாமே..." குடைக்காரன் பாதி எழுந்தான். யாரும் கேட்கவில்லை.

கணக்கு சார் மடித்தது பரோட்டா பொட்டலம் போல் வந்தது என்று டாக்டரம்மாவே சிரித்தாள். அடுத்து அவள் முறை. பச்சமிளகா கோட்டை முன்னால் இழுத்தாள். கோணல்மாணலாக மடிக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தே மோசமாக மடிக்க வேண்டும்...

கைகள் கேட்கவில்லை.

இடது கை காலரைக் கவ்வியது. வலது கை அடியில் தாங்கியது. ஒரு உதறல், சுருக்கங்கள் ஓடின. கோட்டின் கை இரண்டும் முதுகுப் பக்கம் போய்ப் படுத்தன. உள்ளங்கையின் ஓரம் மடிப்பை நீவியது. கடைசியில் காலரின் கீழ் இடது கட்டைவிரலால் ஒரு சின்ன அழுத்தல். படுக்க வைத்த குழந்தையைத் தட்டுவது போல.

எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள், இதழைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். அதே இடது கை. அதே கட்டைவிரல்.

"டெக்ஸ்டைல் பிசினஸ்னு சொன்னியேம்மா?" டாக்டரம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

இப்போதும் சமாளிக்கலாம். ஒரு சிரிப்பு, இன்னொரு பொய். ஆனால் வெந்நீராவியில் கண் சிவந்து நிற்கும் அப்பாவின் முகம் குறுக்கே வந்தது. அந்த முகத்தை இன்னொரு தடவை ஒளித்து வைக்க அவளால் முடியவில்லை.

"லாண்ட்ரி. எங்கப்பா லாண்ட்ரி வெச்சிருக்காரு. நான் அங்க துணி மடிக்கிறேன். உங்களுக்குத் துவைக்கக் குடுக்கணும்னா கடைக்கு வாங்க, என் மேஜைல வைக்காதீங்க." அவள் குடைக்காரன் பக்கம் திரும்பினாள். "உங்க மூணாவது பட்டனைத் தச்சதும் நான்தான். தெரிஞ்சுதானே வாயை மூடிட்டு இருந்தீங்க? உங்க இரக்கம் எனக்கு வேண்டாம்."

காமிக்ஸ் கட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினாள். கண்ணில் நீர் முட்டியது. மழை என்று சொல்லிக்கொள்ளலாம், இன்னும் மழைக்குள் போகவில்லை என்றாலும்...

"ஒரு நிமிஷம்!" படிகளில் தடதடவென்று ஓடி வந்தான். "இரக்கம் இல்லைங்க. பயம்."

"எதுக்கு?"

"அந்தக் கையை வரைஞ்சது நான்."

அவள் நின்றாள்.

"ஈரச் சாலைக்கு முகமெல்லாம் எங்க மாஸ்டர் வரைவாரு. கை, காலு, நாற்காலி, ஜன்னல் எல்லாம் நான். சட்டை மடிக்கிற கை வேணும்னாரு. எனக்குத் தெரிஞ்ச மடிக்கிற கை ஒண்ணே ஒண்ணு. ஆவிக்குள்ள, உங்கப்பா தோளுக்குப் பின்னால... மனசுல இருந்ததை அப்படியே போட்டுட்டேன். கொண்டை வலது கைக்காரின்னு ஞாபகமே வரல. புத்தகம் அச்சாகி வந்தப்புறம் மாஸ்டர் ஆபீஸே கேக்கற மாதிரி திட்டினாரு."

கொண்டையின் ரெட்டைப் பிறவி... அவள்தானா?

"கேக்காம எடுத்தீங்க" என்றாள். சிரிப்பு வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். "என் கையை, என்னைக் கேக்காம."

"தப்புதான்."

"அதுக்கு மன்னிப்பு கேக்கணும். அது வேற. கொண்டையோட அப்பா விஷயம் வேற."

"மன்னிச்சிடுங்க. கொண்டையோட அப்பா யாருன்னு எங்க ரைட்டரே இன்னும் முடிவு பண்ணல. வாசகர்கள் என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. போய் என்ன சொல்லட்டும்?"

"லாண்ட்ரின்னு சொல்லுங்க. கட்டடம் மன்னிக்கிற மாதிரி மட்டும் எழுத வேண்டாம். மன்னிக்க அங்க ஒண்ணும் இல்ல."

"சொல்றேன்." அவன் தொண்டையைச் செருமினான். அந்தச் சாம்பல் கண்கள் அவள் கண்களைத் தேடி, கண்டுபிடித்து, நின்றன. "இன்னொண்ணும் சொல்லணும். அந்தப் பட்டன்... தானா விழல."

"என்னது?"

"ஒவ்வொரு தடவையும் நான்தான் பிய்ச்சேன். பட்டன் இல்லாத சட்டையை உங்கப்பா உள்ள குடுப்பாரு. நீங்க ஜன்னல் பக்கம் வந்து வெளிச்சத்துல ஊசி கோப்பீங்க. தெருவோட எதிர்ப் பக்கம் நின்னா அப்ப உங்க முகம் தெரியும். அது ஒண்ணுக்காகத்தான்... நேர்ல வந்து பேசத் தைரியம் இல்ல."

மழை சட்டென்று பெரிதாகப் பிடித்தது. அவள் எத்தனை வசவு வைத்திருந்தாள் இந்தப் பட்டன்காரனுக்கு! இப்போது காது மடல்தான் சூடாகிக்கொண்டிருந்தது...

இடது கையை நீட்டினாள். மூன்றாவது பட்டனைப் பிடித்தாள். ஒரே இழுப்பு.

"ஐயோ, என்னங்க!"

"நாளைக்குச் சட்டையைக் கொண்டாங்க. எதிர்ப் பக்கம் இல்ல, கவுன்டருக்கு. எங்கப்பா கேப்பாரு, பட்டனைப் பிய்ச்சது யாருன்னு. என்ன சொல்வீங்க?"

"உங்க பொண்ணுன்னு சொல்வேன்."

"அதுக்கு முன்னாடி பிய்ச்சதெல்லாம்?"

"நான்னு சொல்வேன்... ஏன்னும் சொல்வேன்."

"எங்கப்பா இஸ்திரிப் பெட்டியோடதான் நிப்பாரு."

"சூடாவே சொல்றேன்."

அவள் சிரித்துவிட்டாள். மழைக்குள் இறங்கினாள். குடையை மேலேயே விட்டு வந்திருந்தவன் பின்னாலேயே நனைந்துகொண்டு வந்தான்.

"வெள்ளை நூல் வாங்கி வெச்சுட்டீங்களா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூடிய கைக்குள் பட்டன் வெதுவெதுப்பாக இருந்தது.

"வாங்கியாச்சு. ஆனா நீல நூல்லதான் தைப்பேன்... எல்லாரும் பார்க்கட்டும்."